திருவொற்றியூர் காலி மனையும் ஒரு பேட்டரி புல்வெட்டியும்: நான்கு மழைக்கால அனுபவம்

2022 பொங்கல் கழிந்த வாரத்தில் இதை வாங்கினேன். பருவமழை ஓய்ந்து, எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் கோரையும் துத்தியும் பார்த்தீனியமும் இடுப்பளவு மண்டிக் கிடந்தன. மனைக்குச் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். அங்கே கொசு பெருகினாலும் பாம்பு அடைந்தாலும் அவதிப்படுவது நாங்கள்தான். ஆண்டுதோறும் ஆள் வைத்து அரிவாளால் வெட்டிய வேலையை நானே செய்துவிடலாம் என்று, நைலான் நரம்பு சுழன்று புல்லை வெட்டும் 20 வோல்ட் பேட்டரி இயந்திரத்தை வாங்கினேன். மூன்று கிலோ எடைகூட இல்லை. பெட்ரோல் ஊற்ற வேண்டாம், கயிறு இழுத்துக் கிளப்ப வேண்டாம். விசையை அழுத்தினால் உடனே சுழலும்.

அந்த எளிமைதான் என்னை ஏமாற்றியது. முதல் மாதம் முழுவதும் கைலியும் ரப்பர் செருப்புமாக நின்று வெட்டினேன். மூன்றாவது முறை வெட்டும்போது புல்லுக்குள் கிடந்த ஜல்லி ஒன்று தெறித்துக் கணுக்காலுக்கு மேல் பட்டது. தோல் கிழிந்து, எலும்பின் மேல் பட்டாணி அளவுக்கு வீங்கி, இரண்டு வாரம் வலி இருந்தது. அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நரம்பு சுழலும் வட்டத்தின் விட்டம் 25 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 7,500 சுற்று. நரம்பின் நுனி மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அடிபட்ட கல் கணுக்காலுக்குப் பதிலாகக் கண்ணில் பட்டிருந்தால் என்ற நினைப்பு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே பக்கவாட்டையும் மூடும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த முழுக்கால் சட்டை மூன்றும் வாங்கினேன். படிக்கும் கண்ணாடி போட்டிருக்கிறோமே என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓரத்தின் வழியாக வரும் துகளை அது தடுக்காது. பார்த்தீனியம் வெட்டும் நாளில் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். அதன் பூந்துகளும் செடித் தூளும் பலருக்குத் தோல் அரிப்பையும் தும்மலையும் தரும். ஆகவே பூப்பதற்கு முன்பே வெட்டிவிடுகிறேன்.

எங்கள் பகுதியில் காலி மனை என்றால் அதில் புல் மட்டும் இருக்காது. உடைந்த பாட்டில், கட்டுக்கம்பித் துண்டு, ஓட்டுச் சில்லு, சோடா மூடி எல்லாம் உள்ளே கிடக்கும். அதனால் இயந்திரத்தை எடுப்பதற்கு முன் ஒரு நீளக் கழியோடு மனை முழுவதும் நடக்கிறேன். கழியால் தட்டிக்கொண்டே போனால் பாம்பு இருந்தாலும் விலகிப் போக நேரம் கிடைக்கும். கண்ணில் படுவதையெல்லாம் பொறுக்கி ஒரு சாக்கில் போடுவேன். வெட்டுவதற்கு அரை மணி என்றால் பொறுக்குவதற்கு முக்கால் மணி ஆகிறது. இந்த முக்கால் மணியைத் தவிர்க்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை, தேடவும் போவதில்லை.

வட சென்னையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மாஞ்சா நூல். தடை இருந்தும் அறுந்த பட்டங்களின் நூல் செடிகளில் சிக்கிக் கிடக்கிறது. இரண்டு முறை அது சுழலும் தலையில் சுற்றிக்கொண்டு இயந்திரம் நின்றுவிட்டது. கண்ணாடித் தூள் பூசிய நூல் அது. அவசரத்தில் வெறுங்கையால் இழுத்தால் விரல் அறுபடும். அதைவிடப் பெரிய ஆபத்து, சிக்கு விடுபட்ட நொடியில் விசை தெரியாமல் அழுந்தினால் தலை மறுபடி சுழலும் என்பது. பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்த பிறகுதான் தலைப்பகுதியைத் தொட வேண்டும். நரம்பு மாற்றுவதானாலும் ஒட்டிய புல்லைத் தட்டுவதானாலும் இதுவே முறை. பெட்ரோல் எஞ்சின் அணைந்தால் மறுபடி கிளப்பப் பாடுபட வேண்டும்; பேட்டரி இயந்திரம் அப்படியல்ல, எந்த நேரமும் தயாராக நிற்கிறது.

சத்தம் குறைவாக இருப்பதிலும் ஒரு கெடுதல் இருக்கிறது. பெட்ரோல் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டால் தெருவே ஒதுங்கிப் போகும். இது மிக்ஸி அளவுக்குத்தான் கேட்கிறது, ஆகவே ஆட்கள் அருகிலேயே வந்து பேசுகிறார்கள். எதிர்வீட்டு அக்காவின் பேரன் பந்து தேடி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதை நான் திரும்பிய பிறகுதான் பார்த்தேன். "பேட்டரி மிஷின்தானே தம்பி, என்ன செய்துவிடும்?" என்று அக்கா கேட்டார். என் கால் தழும்பைக் காட்டினேன். மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. எங்கள் தெருவின் அகலமே ஐந்து மீட்டர்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, காலை ஒன்பதரைக்கு மேல் மட்டும் வெட்டுகிறேன். தெரு ஓரத்தில் கயிறு கட்டித் தார்ப்பாயைத் தொங்கவிடுகிறேன். மனைவியோ தம்பியோ முனையில் நின்று, யாராவது வந்தால் கையை உயர்த்துவார்கள், உடனே நிறுத்திவிடுவேன்.

வெட்டும் பக்கத்தையும் கவனிக்க வேண்டும். நரம்பு எந்தப் பக்கத்தில் நம்மை விட்டு விலகி ஓடுகிறதோ அந்தப் பக்கத்தைப் புல்லில் கொடுத்தால் குப்பை முன்னால் போகும். மறுபக்கத்தைக் கொடுத்தால் நம் காலை நோக்கி வரும். ஈரப்புல் அடைக்கிறது என்று நான் ஒரு முறை காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வெட்டினேன். மிகத் தவறான செயல். நரம்பை அளவாக நறுக்கும் சிறு கத்தி அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. அது இல்லாமல் நரம்பு நீண்டு, மோட்டார் கையில் சுடும் அளவுக்குச் சூடானது. நைலானுக்குப் பதில் பைக் கிளட்ச் கேபிளின் கம்பி இழையைப் போடச் சொன்னார் தெரிந்தவர் ஒருவர். எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். நைலான் அறுந்தால் பெரும்பாலும் அதோடு போகும். கம்பி அறுந்தால் அது பாயும் ஊசி. புது நரம்பு நொறுங்குகிறது என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் போதும், வளைந்து கொடுக்கும்.

பேட்டரியைப் பற்றி. புதிதில் 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அரை மணி நேரம் உழைத்தது. இப்போது இருபது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் வேலை முடிந்ததும் கை பொறுக்காத சூட்டோடு இருக்கும். அப்படியே சார்ஜ் போடாமல் மின்விசிறிக் காற்றில் ஆறவிட்டு, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் போடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர் வந்தது. பேட்டரி பரணில் இருந்ததால் தப்பியது, சார்ஜர் மூழ்கியது. காயவைத்துப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்ற ஆசையை அடக்கிப் புதிது வாங்கினேன். லித்தியம் பேட்டரி வெள்ளத்தில் நனைந்திருந்தால் வெளியே காய்ந்த பிறகும் சார்ஜ் போடக் கூடாது. உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம்.

கடல் பக்கம் என்பதால் நரம்புச் சுருளை அழுத்தும் ஸ்பிரிங் இரண்டே ஆண்டில் துருப்பிடித்தது. இப்போது வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். கோரைக்கும் அருகம்புல்லுக்கும் இது தாராளமாகப் போதும். தண்டு முற்றிய துத்திக்கும் சீமைக்கருவேலங்கன்றுக்கும் இன்றும் அரிவாள்தான் எடுக்கிறேன். தெருவில் யாராவது இரவல் கேட்டால் கண்ணாடியையும் பூட்ஸையும் சேர்த்தே கொடுக்கிறேன். முதல் பத்து நிமிடம் தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நானும் நிற்கிறேன்.