இனப்பெருக்க முயல்களுக்குத் தனிக்கூண்டு, தகரத் தடுப்பு, கைச் சோதனை: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

திண்டுக்கல் பக்கம் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இரண்டு இனங்களையும் வளர்க்கிறேன். பெரிய முயல் ஒவ்வொன்றுக்கும் 2 அடி நீள அகலத்தில், ஒன்றரை அடி உயரத்தில் தனிக்கூண்டு. கூண்டுகளுக்கு நடுவே தகரத் தடுப்பு. ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் காயம் இருக்கிறதா என்று கையால் தடவி ஒரு சோதனை. பல வருடமாக இதே ஏற்பாடுதான். மூன்றில் எது முக்கியம் என்று கேட்டால் கைச் சோதனை என்றுதான் சொல்வேன். சண்டையைக் கூண்டு தடுக்கும். ஆனால் இணை சேர்க்கும்போது இரண்டும் சந்தித்துத்தானே ஆக வேண்டும்.

தடுப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் கம்பி வலை மட்டும் இருந்தால் பக்கத்துக் கூண்டு முயலின் காது நுனியும் கால் விரலும் கடிபடும். பிளைவுட் வைத்தால் கொறித்துவிடும், மூத்திரத்தில் ஊறி நாறும். தகரம் தாங்குகிறது. ஆனால் சித்திரை வெயிலில் சூடேறும், அதனால் கொட்டகைக் கூரைக்குக் கீற்று அவசியம்.

குட்டிகளை 3 மாதம் ஆவதற்குள் ஆண், பெண் பிரித்துவிட வேண்டும். வளர்ந்த ஆண்கள் மோதிக்கொண்டால் கடி நேராக விதைப்பைக்குத்தான் போகும். நல்ல ஆண் ஒன்று அந்த ஒரே கடியில் இனப்பெருக்கத்துக்கு உதவாமல் போய்விடும். பெண்களையும் ஒன்றாக விடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலே கருமுட்டை வெளியாகி, சினையாகாமலே சினை போல இருக்கும் பொய்ச்சினை பிடிக்கும். அப்புறம் 16, 18 நாள் வரை உறுமிக்கொண்டும் முடியைப் பிடுங்கிக்கொண்டும் இருக்கும்.

சேர்க்கைக்குப் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். தன் கூண்டுக்குள் வரும் ஆணைப் பெண் எதிரியாகவே பார்க்கும். காலை அல்லது மாலை, வெயில் இல்லாத நேரம் நல்லது. முதலில் பெண்ணுறுப்பைப் பாருங்கள். சிவந்து ஈரமாக இருந்தால் விடலாம், வெளிறி இருந்தால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடலாம். விட்டபின் அங்கேயே நிற்க வேண்டும். சேர்க்கை முடிந்ததும் ஆண் ஒரு சின்னச் சத்தத்தோடு பக்கவாட்டில் சாயும். பெண் மூலையில் ஒடுங்கினாலோ உறுமிப் பாய்ந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்கச் சேர்த்து விடுவது பலர் செய்வது, நான் அதற்கு முற்றிலும் எதிர். சினை பிடித்ததா என்று தெரிந்துகொள்ள மறுபடி ஆணிடம் விடுவதும் வேண்டாத சண்டைதான். 12 முதல் 14 நாளில் அடிவயிற்றை மெதுவாகத் தடவினால் கரு கைக்குத் தட்டுப்படும். சினைக்காலம் சுமார் 31 நாள், 28-ஆம் நாள் குட்டி போடுவதற்கான பெட்டியைக் கூண்டில் வைத்துவிடுவேன். அந்தச் சமயத்தில் தாய் முன்காலால் நம் கையை அடித்தால் அது கெட்ட குணமல்ல, இடத்தைக் காக்கிறது.

சரி, காயத்துக்கு வருவோம். முயல் மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி, வலியை வெளியே காட்டாது. பல் பட்ட சின்ன ஓட்டையை அடர்ந்த முடி மூடிக்கொள்ளும். ஒயிட் ஜெயன்ட்டில் ரத்தக் கறையாவது தெரியும், சின்சில்லாவின் சாம்பல் முடியில் எதுவுமே தெரியாது. அதனால் சேர்க்கை முடிந்த உடனே ஒரு தடவை, நாலைந்து நாள் கழித்து இன்னொரு தடவை முடியை எதிர்த்திசையில் தள்ளி, விரல் நுனியால் தோலைத் தொட்டுப் பார்க்கிறேன். பிடரி, காது மடல், முதுகு, தாடைக்குக் கீழ், அடிவயிறு, பிறப்புறுப்பைச் சுற்றி. இரண்டாவது சோதனையை விடவே கூடாது, சீழ்க்கட்டி பிறகுதான் திரளும். முயலின் சீழ் பற்பசை போலக் கெட்டியாக இருக்கும், கீறிவிட்டால் வடியாது. வெளியிலிருந்து வாங்கிய ஓர் ஆணுக்குத் தாடைக்குக் கீழ் அப்படி ஒரு கட்டி இருந்தது. மருத்துவர் அதை உறையோடு அறுத்து எடுத்த பிறகுதான் தேறியது. முயல் தோல் மெல்லியது, காயத்தைச் சுற்றி முடி வெட்டும்போது கத்தரியில் எளிதில் கிழிந்துவிடும்.

தனிக்கூண்டின் பெரிய லாபம் கீழே விழும் புழுக்கையில் இருக்கிறது. எது யாருடையது என்று சந்தேகமே இல்லை. புழுக்கை சிறுத்தாலோ நின்றாலோ, தீவனம் மிஞ்சினாலோ, கண்ணைப் பாதி மூடிக் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறத்தாலோ எங்கோ வலி இருக்கிறது என்று அர்த்தம். 12 மணி நேரம் சாப்பிடாத முயலுக்கு அவசரம், குடல் இயக்கமே நின்றுபோகலாம். மழைக்காலத்தில் ஈ மொய்த்த காயத்தில் ஒரே நாளில் புழு வந்துவிடும்.

மருந்தில் கவனம் தேவை. ஆடு மாட்டுக்கு மிச்சமிருந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். அமாக்சிசிலின், பெனிசிலின் வகைகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் செத்துப்போகலாம். நாய்க்கு உண்ணிக்காகப் போடும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம்.

குறைகளும் உண்டு. கம்பித் தரையில் பாதப்புண் வரும், கனத்த ஒயிட் ஜெயன்ட்டுக்கு இன்னும் அதிகம். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு பலகை போட்டு அடிக்கடி கழுவிக் காயவைக்கிறேன். வேலை கூடுதல்தான், ஆள் வைத்தாலும் கைச் சோதனையை நானேதான் செய்கிறேன்.

சினையோ குட்டியோ இல்லாத காலத்திலும் திரும்பத் திரும்பக் கடிக்கும் முயலை, முதலில் காயமும் நோயும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இனப்பெருக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். குணமும் குட்டிக்கு ஓரளவு இறங்கும். புதிதாக வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஆண் முயலைத் திருப்பிப் பிடித்து, இரண்டு விதையும் இருக்கிறதா, தழும்போ கட்டியோ தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். திருப்பும்போது பின்பக்கத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள், முயல் உதறினால் அதன் முதுகெலும்பு முறியலாம்.