இடது காலுக்குப் பிரேக் பழக்கும் ஒரு நாள் வகுப்பு: போய் வந்தவர் கருத்து

வகுப்பு நன்றாக இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விளம்பரம்தான் சரியில்லை. “இடது காலால் பிரேக் போடுங்கள், விபத்தைத் தவிருங்கள்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அன்று அங்கே கற்றதை வைத்துப் பார்த்தால், அந்த வரியை அவர்களே அழித்துவிட வேண்டும்.

நான் போனது வேகம் பழகுவதற்காக அல்ல. எனக்கு வலது முழங்காலில் தேய்மானம். நெரிசலில் ஒரே கால் ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் மாறி மாறி அலைந்தால் வீடு சேரும்போது முழங்கால் வீங்கிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் இல்லாததால் இடது கால் சும்மா கிடக்கிறது. அதற்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன என்ற நப்பாசைதான்.

காலையில் பாடம். ஆசிரியர் ரேலி என்னும் கார்ப் பந்தயம் ஓட்டியவர், பேச்சில் அந்த வாசனை வீசியது. 1960-களில் பின்லாந்து ஓட்டுநர்கள் ரௌனோ ஆல்டோனனும் டிமோ மேக்கினனும் மினி கூப்பரில் இடது காலால் பிரேக் போட்ட கதையைச் சொன்னார். முன்சக்கரங்கள் இழுக்கும் கார் அது. வலது கால் ஆக்சிலரேட்டரை விடாமல் இடது கால் பிரேக்கை அழுத்தினால், எடை முன்னால் சாயும், பின்பகுதி லேசாகி வழுக்கித் திரும்பும். பனியிலும் சரளையிலும் அது பெரிய ஆயுதம். மோண்டி கார்லோ ரேலியை 1965-இல் மேக்கினனும் 1967-இல் ஆல்டோனனும் வென்றார்கள். இன்றைய ஃபார்முலா 1 காரில் காலுக்கு இரண்டே பெடல்கள், கிளட்ச் கைக்குப் போய்விட்டது. கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியிலும் பிரேக் இடது காலுக்குத்தான். எல்லாம் உண்மை. ஆனால் இன்றைய ரேலி, ஃபார்முலா 1 ஓட்டுநர்களை இருக்கையோடு சேர்த்துத் தோளிலும் இடுப்பிலும் பல வார்கள் இறுக்கிக் கட்டியிருக்கும். எனக்கு இருப்பது சாதாரண சீட் பெல்ட். இந்த வித்தியாசம் பிற்பகலில் தன்னைக் காட்டியது.

அடுத்து பலகையில் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்குச் சுமார் 16.7 மீட்டர் போகிறது. கால் மாற்றும் நேரத்தில் 0.2 நொடி மிச்சமானால் 3.3 மீட்டர் முன்னதாக நிற்கலாம். 100 கிலோமீட்டரில் 5.6 மீட்டர். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 0.2 நொடி மிச்சமாக வேண்டுமானால் இடது பாதம் எப்போதும் பிரேக் பெடலுக்கு மேலேயே காத்திருக்க வேண்டும். அப்படி எவ்வளவு நேரம் அந்தரத்தில் வைத்திருக்க முடியும்? தரையில் இறக்கிவிட்டால் மிச்சம் போயிற்று. பெடல்மீது லேசாகச் சாய்த்தால் அதைவிட மோசம். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே பின்விளக்கு எரிந்துவிடும். எப்போதும் எரியும் பிரேக் லைட்டைப் பின்னால் வருபவர் கொஞ்ச நேரத்தில் நம்ப மாட்டார். நாம் நிஜமாகவே நிறுத்தும்போது அவருக்கு எந்தச் செய்தியும் போய்ச் சேராது. சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் பேட் உரசிக்கொண்டே இருந்தால் சூடேறும். நீண்ட இறக்கத்தில் பிரேக் ஆயிலே கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகலாம். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு தரநிலை கேட்பது 140 டிகிரிதான். இதையெல்லாம் ஆசிரியரும் சொன்னார். ஆனால் பலகையில் எழுதியது மீட்டர் கணக்கை மட்டும்.

களப்பயிற்சிதான் இந்த வகுப்பின் உயிர். மூடிய மைதானம், பிளாஸ்டிக் கூம்புகள், ஒரு காருக்கு நான்கு பேர். காத்திருப்பு அதிகம்தான், அதற்காகக் குறை சொல்ல மாட்டேன், மற்றவர்களின் காலைப் பார்த்தே பாதி கற்றுக்கொள்ளலாம். ஒரு காரில் தரைப்பாய் நழுவி ஆக்சிலரேட்டரின் அடியில் ஒதுங்கியிருந்தது. சொன்னதும் எடுத்துவிட்டார்கள். அவர்கள் வண்டியை ஒப்படைக்கும் முன்பே பார்த்திருக்க வேண்டிய விஷயம் அது.

முதல் பயிற்சி: கியர் டி-யில், அதாவது முன்னோக்கி ஓட்டும் நிலையில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கார் தானாக ஊர்ந்து போகும்போது இடது காலால் நிறுத்துவது. எளிதுதானே என்று தோன்றும். பல வருடம் கிளட்ச் மிதித்த இடது காலுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அடிவரை அழுத்து, பிறகு மெதுவாக விடு. பிரேக் அப்படி நடந்துகொள்வதில்லை. கொஞ்ச தூரம் இறங்கியதும் பெடல் கெட்டிப்படும். அதன்பிறகு தூரம் அல்ல, அழுத்தம்தான் பேசும். கிளட்ச் என்று நினைத்து மிதித்த கால் அந்தக் கெட்டியின்மேல் முழு பலத்தோடு இறங்குகிறது. அந்த நால்வரில் ஒருவர் தலையும் ஸ்டியரிங்கை நோக்கிக் குனியாமல் தப்பவில்லை.

இங்கே ஆசிரியரின் கைத்திறனைப் பாராட்ட வேண்டும். ஒருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. இருக்கையை ஒரு படி முன்னால் தள்ளச் சொன்னார். தடித்த அடி கொண்ட காலணியைக் கழற்றச் சொன்னார். குதிகாலைத் தரையில் ஊன்றி, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைப்பகுதியால் பெடலை “எடை பார்” என்றார். அழுத்து என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லால் கால் மாறியது. மதியத்துக்குள் கூம்புக்கு ஒரு சாண் முன்னால் குலுங்காமல் நிறுத்தினேன்.

ஒரு குறையும் தெரிந்தது. காரின் பிரேக் பெடல் வலது காலுக்கு எட்டும் இடத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பெடல் அகலமாக இருந்தாலும் இடது காலை உள்பக்கம் திருப்பித்தான் வைக்க வேண்டும். மாலையில் முழங்கால் சும்மா இருந்தது, இடது இடுப்பு முனகியது.

அவசர நிறுத்தப் பயிற்சியில்தான் காலைப் பாடத்தின் ஓட்டை தெரிந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, விசில் ஊதியதும் முழு பலத்தோடு நிறுத்த வேண்டும். வழக்கமாக இப்படி நிறுத்தும்போது இடது கால் பக்கத்து ஓய்வுப் பலகையில் ஊன்றி உடலைத் தாங்கும். அந்தக் காலை பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் தாங்க ஆளில்லை. எனக்கு முன்னால் ஓட்டியவரின் உடல் முன்னால் சரிந்தது, கூடவே வலது பாதமும் ஆக்சிலரேட்டரில் ஏறியது. கார் நின்றதுதான், ஆனால் எஞ்சின் ஒருகணம் உறுமிவிட்டு அடங்கியது. அடங்கியதற்குக் காரணம் அவருடைய கால் அல்ல: இரண்டு பெடலும் சேர்ந்து அழுத்தப்பட்டால் எஞ்சினின் வேகத்தைத் தானே குறைக்கும் ஏற்பாடு அந்தக் காரில் இருந்தது. 2009, 2010-இல் டொயோட்டா கார்கள் திரும்பப் பெறப்பட்ட விவகாரத்துக்குப் பிறகு பல நிறுவனங்கள் இதைப் பொருத்தத் தொடங்கின. பழைய காரில் அது இல்லாமல் போகலாம்.

ஆசிரியரிடம் கேட்டேன். “வலது குதிகாலைப் பின்னுக்கு இழுத்துவிடுங்கள்” என்றார். பயத்தில் இருப்பவர் குதிகாலை நினைப்பாரா? அதற்கு அவர் சொன்ன பதில் காலைக் கணக்கைவிட எவ்வளவோ மேல். 1980-களில் ஆடி 5000 கார்கள் தானாகப் பாய்ந்தன என்று அமெரிக்காவில் புகார் கிளம்பியது. அங்குள்ள சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1989-இல் தந்த ஆய்வு முடிவு, பெரும்பாலும் ஓட்டுநர்கள் பிரேக்கென்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்றது. ஒரு காலுக்கு ஒரு பெடல் என்று பழகியவரிடம் இந்தக் குழப்பம் குறையலாம் என்பது அவர் வாதம். ஒப்புக்கொள்ளலாம். அவர் விளம்பரத்தில் போட வேண்டியதும் இதைத்தான், மீட்டர்களை அல்ல.

பிற்பகலின் கடைசியில் சரிவுப் பயிற்சி. வந்ததற்குப் பலன் இங்கேதான் கிடைத்தது. மேட்டில் பின்னோக்கி ஒரு குறுகிய இடத்தில் காரை நுழைக்க, இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலரேட்டரில். கார் உருண்டுவிடும் பதற்றமில்லாமல் அங்குலம் அங்குலமாக நகர்த்த முடிந்தது. இரண்டையும் நெடுநேரம் சேர்த்து மிதித்தால் கியர்பெட்டி ஆயில் சூடாகும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

எனக்குப் பிடிக்காதது இன்னொன்று. வீட்டில் கிளட்ச் உள்ள கார் ஒன்றும் இருக்கிறதா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. பதிவு செய்யும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது. இன்று பிரேக் கற்ற இடது கால் நாளை கிளட்ச் வண்டியில் நிறுத்த நினைத்துக் கிளட்சை மிதித்தால் கார் நிற்காது, உருண்டுகொண்டே போகும். இரண்டு வகை காரையும் மாற்றி மாற்றி ஓட்டுபவருக்கு நான் இந்த வகுப்பைச் சொல்ல மாட்டேன்.

ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டுபவர், முழங்காலிலோ கணுக்காலிலோ தொந்தரவு உள்ளவர், குறுகிய இடத்தில் தினமும் நிறுத்துபவர் தாராளமாகப் போகலாம். வேக நெடுஞ்சாலையில் இடது காலைப் பிரேக்கில் வைக்கும் எண்ணத்தோடு போகிறவர்கள் வேறு எங்காவது போகட்டும். நான் நெரிசலிலும் நிறுத்துமிடத்திலும் மட்டும் இடது காலைப் பயன்படுத்துகிறேன். வேகம் ஏறியதும் அது ஓய்வுப் பலகைக்குப் போய்விடுகிறது, பிரேக் மறுபடி வலது காலுக்கு. கலந்து பழகுவது ஆபத்து, எப்போதும் இடது அல்லது எப்போதும் வலது என்று ஆசிரியர் பிடிவாதமாகச் சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இன்னும் உடன்படவில்லை.

பதிவு செய்யும் முன் சரிவுப் பயிற்சி உண்டா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முந்தைய குழு ஒன்றுக்கு நேரமில்லை என்று அதை விட்டுவிட்டார்களாம்.