வங்கியில் போட்டது எஃப்.டி.தானா? பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்

உங்கள் வீட்டில் ஓய்வு பெற்ற அப்பாவோ அம்மாவோ இரண்டு மூன்று வருடங்களுக்குள் வங்கிக்குப் போய் "டெபாசிட்" போட்டுவிட்டு வந்திருந்தால், அந்த ரசீதை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். ரசீது எங்கோ இருக்கிறது என்றால் பாஸ்புக் போதும். ஐந்து லட்சம் டெபாசிட் போட்டதாகச் சொல்கிறார், பாஸ்புக்கில் 5,22,500 கழிந்திருக்கிறது என்றால், அவர் போட்டது டெபாசிட் இல்லை. டெபாசிட்டுக்கு யாரும் வரி சேர்த்துக் கட்டுவதில்லை. அந்த 22,500, ஆயுள் காப்பீட்டின் முதல் வருடப் பிரீமியத்துக்கு அப்போது இருந்த 4.5 சதவீத ஜி.எஸ்.டி.

பாளையங்கோட்டையில் என் மாமனாருக்கு நடந்தது இதுதான். உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து 2023 மே மாதம் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் அடுத்தடுத்து அவருடைய சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்தன. நம் கணக்கில் பெரிய தொகை வந்தால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்வது வங்கிதான். அதே வாரத்தில் கிளையிலிருந்து போன். "ஐயா, உங்களுக்குன்னு தனியா ஒரு ஆர்.எம். போட்டிருக்கோம், நீங்க இனிமே வரிசையில நிக்கவே வேண்டாம்." ஆர்.எம். என்றால் ரிலேஷன்ஷிப் மேனேஜர், பெரிய தொகை வைத்திருப்பவர்களைத் தனியாகக் கவனிக்கும் வங்கி ஊழியர். வங்கியின் பெயரை எழுதப்போவதில்லை. எந்தக் கிளை என்று கேட்டுக் கமெண்டும் போடாதீர்கள். இது ஒரு கிளையோடு முடிகிற விஷயம் இல்லை.

மாமாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பமே இருக்கவில்லை. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். அந்த ஏப்ரலில்தான் அதன் வட்டி 8.2 சதவீதம் ஆகியிருந்தது, உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்திருந்தது. அவரே பேப்பரில் படித்து, கத்தரித்து வைத்திருந்தார். கணக்கிலிருந்து பணத்தை எடுத்துப் போகத்தான் வங்கிக்கே போனார்.

ஆர்.எம். அவரை ஏசி அறைக்குள் உட்கார வைத்துக் காபி கொடுத்திருக்கிறார். "நான் உங்க பொண்ணு மாதிரி, தப்பா சொல்வேனா ஐயா?" அதன் பிறகு சொன்னதில் பாதி நிஜம், அதுதான் ஆபத்து. வங்கி திவாலானால் ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் டெபாசிட் இன்ஷூரன்ஸ் என்றார். சரியான தகவல். 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தப்பட்ட வரம்பு அது. "அதனால மொத்தத்தையும் ஒரே எடத்துல வைக்காதீங்க. 5 லட்சத்தை மட்டும் எங்க ஸ்பெஷல் டெபாசிட்ல போடுங்க. தபால் ஆபீஸ்ல 8.2, நாங்க 9. அஞ்சு வருஷம். இன்ஷூரன்ஸ் இலவசம்." ஒரு காகிதத்தின் பின்பக்கம் நீல மையில் எழுதியும் காட்டினார்: 5 லட்சம், 5 வருஷம், 9%. கீழே ஒரு கோடு, அதன் கீழே முதிர்வுத் தொகை, அதைச் சுற்றி வட்டம். மாமா வாத்தியார் என்பதால் எதையும் தூக்கிப் போடமாட்டார். அந்தக் காகிதமும் அவருடைய பைலில் இருந்தது.

வட்டிக்கு வரி பிடிக்காமல் இருக்க 15எச் படிவம் என்று சொல்லி நிறைய இடத்தில் கையெழுத்து. 22,500 ஏன் கூடுதல் என்று கேட்டிருக்கிறார். "அது பிராசஸிங், கடைசியில திரும்பி வந்துடும்." பிறகு போனில் ஒரு வீடியோ. ஆதாரைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்கிறதுக்கெல்லாம் ஆமாம் சொல்ல வேண்டும், இது கே.ஒய்.சி. நடைமுறை என்றார்கள். சொன்னார்.

ஒரு வருடம் ஒன்றும் தெரியவில்லை. 2024 ஜூலையில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி: போதிய இருப்பு இல்லாததால் 5,11,250 ரூபாய்க்கான ஆட்டோ டெபிட் திரும்பியது, அதற்கு அபராதம் 590. மாமா அதை மோசடிக் குறுஞ்செய்தி என்று நினைத்து எனக்கு அனுப்பினார். "மாப்பிள்ளை, யாரோ நம்ம பணத்தை எடுக்கப் பாக்கானுவ, கார்டை பிளாக் பண்ணணுமா?" என்று கேட்டார்.

பைலைத் திறந்து பார்த்தபோது, வங்கியின் லோகோ போட்ட அட்டைக்குள் இருந்தது ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் சான்றிதழ். ஏழு வருடம், வருடத்துக்கு ஐந்து லட்சம் கட்ட வேண்டும். அதாவது 35 லட்சம். அவருடைய மாதப் பென்ஷன் 40,000-க்கும் கீழே. வருடப் பென்ஷன் முழுவதையும் ஒரு பைசா செலவழிக்காமல் கொடுத்தாலும் ஒரு பிரீமியத்துக்குக் காணாது. தபால் நிலையத்தில் மீதிப் பணத்தைப் போட்டுவிட்டதால் சேமிப்புக் கணக்கில் அன்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் டெபிட் திரும்பியது. இருந்திருந்தால் சத்தமில்லாமல் போயிருக்கும்.

கிளைக்குப் போனோம். அந்த ஆர்.எம். மாற்றலாகிவிட்டார். இவர்கள் எப்போதுமே மாற்றலாகித்தான் இருப்பார்கள். மேலாளர், "நாங்க காப்பீட்டு நிறுவனத்தோட ஏஜென்ட் மட்டும்தான் சார், நீங்க அவங்ககிட்டதான் பேசணும்" என்றார். விற்கும்போது வங்கி, புகார் வந்தால் வெறும் ஏஜென்ட். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கிடைத்த யோசனை இன்னும் அருமை: "இன்னும் ஒரே ஒரு பிரீமியம் கட்டிடுங்க சார், அப்புறம் சரண்டர் பண்ணலாம்." சரண்டர் என்றால் பாலிசியைப் பாதியிலேயே ஒப்படைத்துவிட்டு, கிடைக்கிற தொகையை வாங்கிக்கொள்வது.

இந்த யோசனையைக் கேட்டுப் பலர் இரண்டாவது முறை மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் விற்ற பாரம்பரியப் பாலிசிகளில், இரண்டு வருடப் பிரீமியம் கட்டினால்தான் சரண்டர் மதிப்பே உண்டு. ஒன்று மட்டும் கட்டி நிறுத்தினால் பூஜ்யம். இரண்டு கட்டிவிட்டு இரண்டாம் வருடத்தில் சரண்டர் செய்தால் உத்தரவாதம் 30 சதவீதம். அதாவது பத்து லட்சம் கட்டி மூன்று லட்சம் வாங்கலாம். ஐந்து லட்சம் நஷ்டத்தை ஏழு லட்சம் நஷ்டமாக்கும் உதவி. 2024 அக்டோபர் 1-லிருந்து விதி மாறி, ஒரு முழு வருடப் பிரீமியம் கட்டியிருந்தாலே ஓரளவு சரண்டர் மதிப்பு கிடைக்கும்படி செய்திருக்கிறார்கள். பழைய பாலிசி வைத்திருப்பவர்கள் தங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் சரண்டர் பேச்சையே எடுக்கவில்லை. பொய் சொல்லி விற்ற பாலிசி, ரத்து செய்து முழுப் பணத்தையும் கொடு என்பதுதான் கோரிக்கை. அதற்கு முதலில் கேட்டு வாங்கியது விண்ணப்பப் படிவத்தின் நகலும் அந்த வீடியோவும். வாய்ச்சண்டைக்குப் போகாமல் இந்த இரண்டையும் எழுத்து மூலம் கேளுங்கள்.

படிவம் வந்தது. தொழில்: மொத்த வியாபாரம். ஆண்டு வருமானம்: 15 லட்சம். முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு சொல்லிக்கொடுத்த மனிதர், தன்னுடைய மொத்த வியாபாரத்தைப் பற்றி அன்றுதான் தெரிந்துகொண்டார். மின்னஞ்சல் முகவரி என்று அவருடைய பெயரிலேயே ஒன்று, பின்னால் இரண்டு எண்ணோடு. மாமாவுக்கு மின்னஞ்சலே கிடையாது. பாலிசிப் பத்திரம் அந்த முகவரிக்குத்தான் போயிருக்கிறது. கைபேசி எண்ணும் அவருடையது அல்ல. அதனால்தான் வருடம் முழுக்க நிறுவனத்திடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. வங்கியின் கணினி மட்டும் பழைய எண்ணுக்கு அந்த 590 ரூபாய் அபராதச் செய்தியை அனுப்பி எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிட்டது.

வீடியோவில் மாமா ஆதாரைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கவே இல்லை, பக்கவாட்டில் யாரையோ பார்க்கிறார். "ஏழு ஆண்டுகள் பிரீமியம் செலுத்த வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டீர்களா?" என்று ஒரு பதிவுக் குரல் வேகமாக ஓடுகிறது. கொஞ்சம் மௌனம். பிறகு தாழ்ந்த குரலில், "ஆமான்னு சொல்லுங்க ஐயா." மாமா, "ஆமா." ஒலியைக் கூட்டி வைத்தால் தெளிவாகவே கேட்கிறது. தங்கள் பக்கச் சாட்சி என்று நிறுவனம் அனுப்பிய வீடியோ இது!

இதையெல்லாம் சேர்த்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். "வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்துள்ளார், ஃப்ரீ லுக் காலம் முடிந்துவிட்டது" என்று பதில். ஃப்ரீ லுக் என்பது பத்திரத்தைப் படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் பாலிசியை ரத்து செய்யத் தரும் அவகாசம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதிவு செய்தோம். 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். ஆனால் அந்தத் தளம் தீர்ப்பு சொல்லாது, புகாரை நிறுவனத்துக்கே அனுப்பிக் கண்காணிக்கும். அதே பதில் இன்னொரு முறை வந்தது.

அசைத்தது, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு சொல்லும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன்தான். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ போகலாம். நிராகரித்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்கிறார்கள். முக்கியமான ஒன்று, அதே விஷயத்துக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள். அதனால் கோபத்தில் முதலில் அங்கே ஓடிவிட வேண்டாம்.

எங்கள் புகாரில் அழுகைக் கதை எதுவும் எழுதவில்லை. பென்ஷன் ஆணை நகல் ஒரு பக்கம், 15 லட்சம் வருமானம் என்ற படிவம் மறுபக்கம். நீல மை காகிதம். பாலிசிப் பத்திரம் இவர் கைக்கு வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி எங்கே என்ற கேள்வி. ஃப்ரீ லுக் காலம் பத்திரம் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்கும். யாரோ உருவாக்கிய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுக் காலம் முடிந்தது என்று சொல்ல முடியாது. விசாரணைத் தேதி வந்ததும் நிறுவனமே "நல்லெண்ண அடிப்படையில்" ரத்து செய்ய முன்வந்தது. 2025 தொடக்கத்தில் 5,22,500 திரும்பி வந்தது. வட்டி இல்லை. இழுத்துப் பிடித்தால் கிடைத்திருக்கலாம், ஆனால் மாமா போதும் என்றுவிட்டார். பணம் இப்போது தபால் நிலையத்தில்.

வங்கி மீது ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனுக்கும் ஒரு புகார் போட்டோம். அது 14448 என்ற எண்ணில் விவரம் கேட்டு, இணையத்தில் பதிவு செய்வது. அதற்குப் பிறகுதான் வங்கி அந்த 590-ஐத் திருப்பிப் போட்டது. மன்னிப்புக் கடிதமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புகார் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் மாமாவுக்கு வெளிமாநில எண்ணிலிருந்து அழைப்பு, நல்ல தமிழில். "ஐ.ஆர்.டி.ஏ.விலிருந்து பேசுகிறோம், உங்கள் பாலிசிப் பணம் ஏஜென்ட் கோடில் மாட்டியிருக்கிறது, விடுவிக்க 28,000 கட்டினால் போனஸோடு வரும்." பாலிசி எண், தொகை, பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னார்கள். எங்கிருந்து கிடைத்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. யாருக்கும் போன் செய்து போனஸ் அறிவிப்பதில்லை, பணமும் கேட்பதில்லை. ஏற்கெனவே ஏமாந்தவர்களைக் குறிவைத்து நடக்கிற தனித் தொழில் இது. அழைப்பு வந்தால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள்.

நண்பர்கள் சிலர், "ஐந்து லட்சத்துக்கு இன்ஷூரன்ஸும் இருந்ததே, முழுசா மோசம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்கள். அறுபது வயதில், பிள்ளைகள் கல்யாணம் முடிந்து, கடன் ஏதும் இல்லாத பென்ஷன்தாரருக்கு எதற்கு ஆயுள் காப்பீடு? நாம் எஃப்.டி. போட்டால் வங்கி ஊழியருக்கு ஒன்றும் இல்லை. காப்பீடு விற்றால் வங்கிக்கு முதல் வருடப் பிரீமியத்தில் கணிசமான பங்கு கமிஷன், ஊழியருக்கு மாத டார்கெட்டில் ஒரு டிக். அந்த ஆர்.எம்.மும் அதற்குப் பயந்துதான் செய்திருப்பார். அதற்காக அவர் மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை.

இதைப் படிக்கிறபோது உங்கள் வீட்டுப் பாலிசி இன்னும் புதிதாக இருந்தால், உங்கள் வேலை சுலபம். 2024 ஏப்ரலிலிருந்து ஃப்ரீ லுக் காலம் 30 நாள். காரணம் காட்டி வாதாடாமலே ரத்து செய்யலாம். முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாட்களுக்கான காப்பீட்டுக் கட்டணம் போகப் பிரீமியம் திரும்பி வரும். கடிதத்தை வங்கிக் கிளையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மேலாளர் லீவு, சிஸ்டம் டவுன், அடுத்த திங்கள் வாங்க என்று 30 நாளையும் ஓட்டிவிடுவார்கள். நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, புகார் எண் வாங்கிவிட்டு, ஆட்டோ டெபிட் அனுமதியை அன்றே ரத்து செய்யச் சொல்லி வங்கிக்கும் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.