‘ஆர்எக்ஸ் 580, புதுசு சார்’ என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

அக்கா பையனுக்கு கேமிங் பிசி அசெம்பிள் செய்து கொடுக்கப் போய் ஏமாந்த கதை இது. ஏமாந்தது நான். ஆனால் நான்கு மாதம் திட்டு வாங்கியது பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் தயாரிக்கிற ஏஎம்டி கம்பெனி.

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடை. பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏன் என்பது போகப் போகத் தெரியும். பட்ஜெட் 45,000 ரூபாய். பையன் காலேஜில் சேருகிற நேரம், அவசரம். கடைக்காரர் லெட்டர்பேடில் கொட்டேஷன் எழுதித் தந்தார்: ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு ஸ்டிக், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, கேபினட், பவர் சப்ளை. அந்தக் காசுக்கு நல்ல செட்தான். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம்.

இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனபோது, “5600 ஸ்டாக் இல்ல சார், 5500 போட்டிருக்கேன். அதே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். சொல்லப்போனா இதுல கிளாக் ஜாஸ்தி, பாருங்க” என்று பெட்டியைக் காட்டினார். 5500-க்கு 3.6 கிகாஹெர்ட்ஸ், 5600-க்கு 3.5. அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது அடிப்படை வேகம். ஓடும்போது எட்டக்கூடிய உச்ச வேகம் 5600-இல் 4.4, இதில் 4.2. அதைவிடப் பெரிய விஷயம் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கிற அதிவேக மெமரி: 5600-இல் 32 எம்பி, 5500-இல் பாதி, 16 எம்பி. கேம் விளையாட கேஷ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஏஎம்டியே சாட்சி. கேஷை 96 எம்பி ஆக்கி 5800எக்ஸ்3டி என்று 2022-இல் தனியாகவே ஒரு சிப் விட்டது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. 500 ரூபாய் குறைத்தார், சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

அப்புறம் பில். “ஜிஎஸ்டி போட்டா 18 பர்சென்ட் ஏறும் சார், வேணுமா?” வேண்டாம் என்றேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். கையில் கிடைத்த துண்டுச்சீட்டில் ‘கிராஃபிக்ஸ் கார்டு 8 ஜிபி – 1’ என்று மட்டும் இருந்தது. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, கடை சீல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே பையன் முனக ஆரம்பித்துவிட்டான். வேலரண்ட் கேமில் 160 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை படம்) வரும், சண்டை சூடானால் திணறும். ஜிடிஏ 5-இல் காரை வேகமாக ஓட்டினால் படம் நின்று நின்று போகும். கார்டின் ஃபேன் சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. கடைக்கு போன் செய்தால், “ஏஎம்டின்னா அப்படித்தான் தம்பி, ஹீட் ஆகும். டிரைவரும் கொஞ்சம் மக்கர் பண்ணும். அடுத்த தடவை என்விடியா போயிடுங்க” என்று பதில். என்விடியா என்றால் கிராஃபிக்ஸ் கார்டில் ஏஎம்டிக்குப் போட்டி. ஏஎம்டி என்று எழுதிக் கொடுத்ததே அவர்தான்! ஆபீஸ் நண்பன் ஒருவன், “அப்பவே சொன்னேன்ல மச்சி, இன்டெல், என்விடியாதான்” என்று தினமும் ஏற்றிவிட்டான். நானும் நம்பிவிட்டேன். பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஏஎம்டி வாங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

குட்டு உடைந்தது பையனின் கிளாஸ்மேட் வீட்டில். அவனிடம் 5600, மற்றபடி எங்களைப் போலவே ஆர்எக்ஸ் 580, 16 ஜிபி ரேம். அதே கேம், அதே செட்டிங், 250-ஐத் தாண்டிப் போகிறது. இருவரும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு வரி: “மாமா, பேரைப் பாருங்க.”

அவன் திரையில் ‘ரேடியான் ஆர்எக்ஸ் 580’. நம்முடையதில் அதற்குப் பின்னால் இன்னொரு எண் ஒட்டியிருந்தது: ‘2048எஸ்பி’. நான்கு மாதமாகக் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது.

எஸ்பி என்பது ஸ்ட்ரீம் பிராசசர். கார்டுக்குள் கணக்குப் போடுகிற சின்னச் சின்ன யூனிட்டுகள். 2017-இல் வந்த அசல் 580-இல் அவை 2304. அதற்குக் கீழே இருந்த 570-இல் 2048. அடுத்த ஆண்டு சீனச் சந்தைக்காக ‘580 2048எஸ்பி’ என்று ஒன்று வந்தது. பெயர் 580, உள்ளே இருப்பது 570. சீனாவுக்கென்று வந்த சரக்கு ரிச்சி தெரு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கடைக்காரர் கொட்டேஷனில் கடைசி எண்ணை மட்டும் எழுதாமல் விட்டார், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால் இந்த ஒன்பதில் ஒரு பங்கு குறைவால் மட்டும் அந்தப் பாடு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபினட்டைத் திறந்தோம். கார்டின் ஸ்க்ரூ தலைகளில் கருப்பு பெயின்ட் உரிந்து வெள்ளை தெரிந்தது. யாரோ பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். மானிட்டர் கேபிள் செருகும் தகட்டின் ஓரத்தில் துரு. ஹீட்சிங்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிர்ந்தது, மெமரி சிப்களைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓடவிட்டு எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சம்பாதிக்கிற ‘மைனிங்’ 2022 செப்டம்பரில் நின்றபோது, இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் குவியல் குவியலாக விற்பனைக்கு வந்தன. இந்த 8 ஜிபி கார்டுகள் மைனிங்காரர்களின் செல்லப்பிள்ளைகள். எங்களுடையதும் அந்தக் கூட்டம்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. புதுசு இல்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. பேஸ்ட் மாற்றியதும் 88 டிகிரியில் நின்றது 74-க்கு இறங்கியது, ஃபேனும் அடங்கியது.

ரேமில் இன்னொரு கூத்து. கொட்டேஷனில் இரண்டு ஸ்டிக், உள்ளே இருந்தது 16 ஜிபி ஒரே ஸ்டிக். மொத்தம் ஒன்றுதானே என்று தோன்றும். ஒரு ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல், பிராசசருக்குத் தரவு போகும் பாதையில் பாதி அடைத்துவிட்ட மாதிரி. போதாததற்கு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கிற எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல், 3200-இல் ஓட வேண்டியது 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. வேலரண்ட் போன்ற கேம்கள் கார்டைவிட பிராசசரையும் ரேமையும்தான் அதிகம் நம்பியிருக்கும். அடி அங்கேதான் விழுந்திருக்கிறது. ஏஎம்டி பாவம்.

என்விடியா மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபிக்கும் 3 ஜிபிக்கும் மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். கோர்களும் 1280-இலிருந்து 1152-ஆகக் குறைந்திருந்தன. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் ஜிடிடிஆர்5 மெமரி போட்டதும் உண்டு, டிடிஆர்4 மெமரி போட்டதும் உண்டு. இரண்டாவதன் மெமரி வேகம் முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியும் 8 ஜிபி 3050-இன் தம்பி மாதிரி தெரியும். கோர் குறைவு, மெமரிக்குத் தரவு போய்வரும் பாதையான மெமரி பஸ்ஸும் 128 பிட்டிலிருந்து 96-க்கு இறங்கிவிட்டது. ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரிலேயே 12 ஜிபியில் சின்னதாக ஒன்றை 2022-இல் அறிவித்து, திட்டு தாங்காமல் அதைத் திரும்பப் பெற்றதும் இதே கம்பெனிதான். ஏஎம்டியா என்விடியாவா, எந்தக் கட்சி என்று கத்திக்கொண்டிருக்கிறோம், அந்தச் சத்தத்தில் கடைக்காரர் வால் எண்ணை முழுங்கிவிடுகிறார்.

நீங்கள் போனால், கடையிலேயே மெஷினை ஆன் செய்து, கார்டின் விவரங்களைக் காட்டுகிற ஜிபியு-இசட் என்ற மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பென்டிரைவில் நீங்களே கொண்டுபோவது இன்னும் நல்லது. கார்டுக்குள் இருக்கிற பயாஸில் அதன் பெயரை மாற்றி எழுதிவிட முடியும் என்பதால் பெயரோடு நிற்காமல், ஸ்ட்ரீம் பிராசசர் எண்ணிக்கையைக் காட்டும் ‘ஷேடர்ஸ்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். 580 என்றால் 2304 இருக்க வேண்டும். அதேபோல சிபியு-இசட் என்ற மென்பொருளின் மெமரி பக்கத்தில் ரேம் இரண்டு சேனலில் ஓடுகிறதா பாருங்கள். பில்லில் முழு மாடலும் சீரியல் நம்பரும் ஏறாமல் பணத்தை எடுக்காதீர்கள். அந்த 18 சதவீதம் தண்டம் இல்லை. அந்த ஜிஎஸ்டி பில் இருந்திருந்தால் நான் 1915-க்கு அடித்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுத்திருப்பேன். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. பெயர், முகவரி இல்லாத துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு யார் மேல் போடுவது? கடைப் பெயரை இங்கே எழுதினாலும் ‘நாங்கள் விற்றதே இல்லை’ என்று அவர் சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனாலும் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போனோம். “இதுவும் 580தானே சார், பேர்லயே இருக்கே” என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அரை மணி நேரம் வாக்குவாதம். பின்னால் நான்கைந்து பேர் நின்று கேட்க ஆரம்பித்ததும் குரலைத் தணித்துக்கொண்டு ரேமை வாங்கி இரண்டு 8 ஜிபி ஸ்டிக்காக மாற்றிக் கொடுத்தார். கார்டைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 1,500 ரூபாயைக் கையில் திணித்து, ஒரு மவுஸ்பேடையும் தந்தார்.

வேலரண்ட் இப்போது 200-க்குக் கிட்டே போகிறது. மவுஸ்பேட் உண்மையிலேயே நல்ல மவுஸ்பேட்.