ரேநாக்ஸ் டிசிஆர்-250: தும்பைக்குச் சரி, செங்காந்தளுக்கு வேண்டாம்

கையில் இருக்கும் ஜூம் லென்ஸின் முகப்பில் மாட்டி, சிறு பூக்களைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்க உதவும் குளோஸப் லென்ஸ் இந்த ரேநாக்ஸ் டிசிஆர்-250. ஜப்பான் தயாரிப்பு, திறன் 8 டையாப்டர் (எண் கூடக் கூட உருப்பெருக்கமும் கூடும்). தனி மேக்ரோ லென்ஸ் விலையில் சிறு பங்குதான் ஆகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒற்றைக் கண்ணாடி குளோஸப் ஃபில்டர்களோடு இதைச் சேர்த்து எண்ணக் கூடாது. அவற்றில் வெள்ளைப் பூவின் ஓரமெல்லாம் ஊதாக் கோடு படரும். இதில் மூன்று கண்ணாடிகள் இரண்டு குழுவாக இருப்பதால் அந்தக் கோடு பெரிதும் அடங்கிவிடுகிறது. கருத்த மண் பின்னணியில் தும்பைப் பூவை எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வாங்குமுன் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். மெயின் லென்ஸின் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவுக்கு) வைத்தால், எந்த ஜூமில் இருந்தாலும் பூ இந்தக் கண்ணாடியிலிருந்து ஏறக்குறைய 12 செ.மீ. தூரத்தில்தான் ஃபோகஸ் ஆகும். ஜூம் செய்யும்போது உருப்பெருக்கம் மட்டும் மாறும். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கேமராவில் 55-250 மி.மீ. லென்ஸ் என்றால், 250 மி.மீ. ஜூமில் 11 மி.மீ. அகலமுள்ள பொருளே சட்டம் முழுக்க நிறையும், 135-ல் சுமார் 21 மி.மீ., 55-ல் 5 செ.மீ. விரிந்த செங்காந்தள் பூ அதைவிடப் பெரியது, முழுசாக அடங்காது. அதன் சூல்தண்டு அடியிலேயே ஒரு பக்கமாக மடங்கி நிற்கும் அழகை மட்டும் எடுக்கலாம். முழுப் பூக்கள்தான் உங்கள் ஆசை என்றால் 4.8 டையாப்டர் உள்ள டிசிஆர்-150 வாங்குங்கள். அதில் 20 செ.மீ. இடைவெளி கிடைக்கும், உங்கள் நிழலும் பூமேல் விழாது.

டிசிஆர்-250-இன் உண்மையான இடம் தும்பை, துளசிப்பூ, புல்பூ, தொட்டாற்சுருங்கி. தும்பையை நேர் முன்னாலிருந்து எடுத்தால் மேலும் கீழும் உதடுபோல் பிரிந்த அதன் இதழ்களில் ஏதாவது ஒரு உதடுதான் தெளிவாக வரும். பக்கவாட்டில் போய், சென்சாரும் பூவின் நீளமும் இணையாக இருக்கும்படி பிடியுங்கள். மேலுதட்டின் வெண்பஞ்சு மயிரும், அகன்று தொங்கும் கீழுதடும் ஒரே தளத்துக்கு வந்துவிடும். இதை விட்டால் வேறு வழி இல்லை, ஏனென்றால் 1 மடங்கு உருப்பெருக்கத்தில் (பூ தன் அசல் அளவிலேயே சென்சாரில் விழும்போது) லென்ஸ் துளையை எஃப் 11-க்குச் சுருக்கினாலும் தெளிவின் ஆழம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு; 2 மடங்கில் 0.1 மி.மீ. அளவுதான். துளையை இன்னும் சுருக்கி எஃப் 22 போனால் படம் மொத்தமும் மழுங்கும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, கேமராவையே மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் பிடிப்பதே நல்லது. காற்றுதான் பெரிய எதிரி. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். மண்ணில் ஒரு குச்சி ஊன்றி, துணி கிளிப்பால் தண்டை அதோடு பிடித்துவைத்தால் பாதி ஆட்டம் நின்றுவிடும்.

குறை, கூடவே வரும் ஸ்பிரிங் அடாப்டரில் இருக்கிறது. 52 முதல் 67 மி.மீ. வரை ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களில்தான் அது பிடிக்கும். புதரில் உரசினால் கழன்று விழவும் கூடும். ரேநாக்ஸின் பின்புறத் திருகு 43 மி.மீ. என்பதால், 58-43 போல உங்கள் லென்ஸுக்கு ஏற்ற ஸ்டெப் டவுன் ரிங் (பெரிய திருகைச் சிறியதாக மாற்றும் வளையம்) ஒன்றை வாங்கித் திருகிவிட்டால் கவலை இல்லை. 18-55 கிட் லென்ஸில் அகலக் கோணத்தில் மூலைகள் கருத்துவிடும், அங்கே பயன்படுத்தவே வேண்டாம்.

நிறத்தில் கோட்டைவிடுவது கண்ணாடியின் தவறல்ல, எக்ஸ்போஷரின் தவறு. செம்பருத்தியில் சிவப்புச் சானல் மட்டும் முதலில் நிரம்பிவிடும். அப்போது இதழின் நரம்பும் மடிப்பும் மறைந்து வெறும் சிவப்புத் திட்டு மிஞ்சும். கேமரா காட்டும் பொது ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச வரைபடத்தில்) இது தெரியாது. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பார்த்து, எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). சட்டம் முழுக்கத் தும்பை நிறைந்தால் நேர்மாறாக அரை ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும். மெழுகுப் பளபளப்புள்ள இலைகளில் வெள்ளை வானம் பிரதிபலித்துப் பச்சையை விழுங்கிவிடும். ரேநாக்ஸின் முன்புறத் திருகு 49 மி.மீ., அதில் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மாட்டித் திருப்புங்கள். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போகும், ஆனால் இலையின் சொந்தப் பச்சை வெளியே வரும்.