6 வருஷம், 23 ரோபோ: கன்ப்ளா கிட் கட்டி நிக்க வெச்ச அனுபவம்

கன்ப்ளாங்கறது கண்டம் (Gundam)ங்கற ஜப்பான் அனிமேல வர்ற ரோபோக்கள நாமளே கட்டுற பிளாஸ்டிக் மாடல் கிட். அந்த கிட் கட்டி முடிச்ச அன்னைக்கே எழுதுற ரிவ்யூவை நான் இப்பல்லாம் பெருசா எடுத்துக்கறதில்லைங்க, ஏன்னா அன்னைக்கு எல்லா மூட்டும் டைட்டாத்தான் இருக்கும், எந்த போஸ் குடுத்தாலும் நிக்கும். அது எப்படிப்பட்ட கிட்னு ஒரு வருஷம் ஷெல்ஃப்ல நின்ன பிறகுதான் தெரியும். அதனால பெட்டியில என்னென்ன இருந்துச்சுங்கற கதைய விட்டுட்டு மூட்டப் பத்தித்தான் அதிகம் சொல்லப் போறேன்.

1980-ல ஜப்பான் கம்பெனி பண்டாய் முதல் கண்டம் மாடல விட்டப்ப அத பசை போட்டு ஒட்டணும். இப்ப வர்றது பெரும்பாலும் அழுத்தினா க்ளிக்னு மாட்டிக்கும், பிளாஸ்டிக்கே கலர்ல வர்றதால பெயின்ட் கட்டாயமும் இல்ல. கதையில 18 மீட்டர் உயரம் இருக்கற ஆர்எக்ஸ்-78-2ங்கற முதல் கண்டம் ரோபோ, 1/144 அளவுல 12.5 சென்டிமீட்டர், 1/100-ல 18 சென்டிமீட்டர். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது 1/144 அளவுல வர்ற ஹைகிரேடுங்கற எளிமையான வரிசைதான், ரெண்டு மூணு சாயங்காலத்துல முடிஞ்சிரும், தப்பு பண்ணாலும் மனசு விட்டுப் போகாது.

வெட்டுறதுல ஒரே ஒரு பழக்கம் போதும். ரன்னர்ல (பார்ட்ஸ் ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் சட்டம்) இருந்து எடுக்கறப்ப பார்ட்டை ஒட்டி வெட்டாம 2, 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டணும், அப்புறம் ரெண்டாவது தடவை கிட்ட வெட்டி, மிச்சத்த 400, 600, 800-னு சான்ட்பேப்பர் போட்டு எடுத்தா தழும்பே தெரியாது. ஒரே வெட்டுல எடுத்தா டார்க் கலர் பார்ட்ல வெள்ளையா ஒரு திட்டு விழும், நகத்தால நல்லா தேய்ச்சா ஓரளவு மறையும், மேட் டாப்கோட் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடிச்சா இன்னும் மறையும். ஆனா டாப்கோட்ட மழை நாள்ல அடிக்காதீங்க, காத்துல இருக்கற ஈரத்தால வெண்மை படர்ந்துரும்.

எனக்கு நெஞ்சு வலிச்ச சம்பவம் பேனல் லைன் (பார்ட் மேல இருக்கற கோட்டுப் பள்ளத்துல மை விடுறது) போட்டப்ப நடந்துச்சு. எனாமல் வகை இங்க்க, முழுசா மாட்டி முடிச்ச கிட் மேல தாராளமா ஓட விட்டேன், அது இடுப்பு ஃப்ரேம்ல இருந்த ஏபிஎஸ் பார்ட்டுக்குள்ள இறங்கிருச்சு, காலைல எழுந்து பாத்தா மூட்டு ரெண்டா விரிஞ்சு கெடக்கு. ஏபிஎஸ் பிளாஸ்டிக் அழுத்தத்துல இருக்கறப்ப அந்த இங்க்ல இருக்கற தின்னர் பட்டா விரிசல் விடும். இப்ப நான் பளபளப்பான க்ளாஸ் கோட் அடிச்சுட்டு, பார்ட்ஸ் தனித்தனியா இருக்கறப்பவே, கொஞ்சமா தொட்டு லைன் போடுறேன், அதுக்கப்புறம் ஒண்ணு கூட உடையல.

சரி, போஸ். ரொம்ப பேர் ரெண்டு காலையும் சமமா விரிச்சு நேரா நிறுத்திட்டு, கிட்ல ஆர்டிகுலேஷன் (மூட்டு மடங்கித் திரும்புற அளவு) சரியில்லன்னு சொல்றாங்க. மனுஷன் அப்படியா நிக்கறான்? ஒரு கால்ல பாரத்தப் போடுங்க, இடுப்பு அந்தப் பக்கம் ஏறட்டும், தோள் அதுக்கு நேர்மாறா அதே பக்கம் இறங்கட்டும், மத்த கால் முட்டிய லேசா மடக்குங்க, கடைசியா தலைய திருப்புங்க. கணுக்கால் உள்பக்கம் மடங்கி பாதம் முழுசா தரையில படுதான்னு கட்டாயம் பாருங்க, அது படலன்னா மேல என்ன பண்ணாலும் பொம்மையாத்தான் தெரியும். கேமராவ ரோபோவோட முட்டி உயரத்துல வெச்சு கொஞ்சம் மேல பாத்து எடுத்தா அந்த 18 மீட்டர் கண்ணுல தெரியும், முதல் தடவை பாத்தப்ப எனக்கு புல்லரிச்சுருச்சு.

இப்ப தளர்ச்சி. பழைய கிட் நிறையல மூட்டுக்குள்ள பாலிகேப்னு மெத்துன்னு ஒரு சின்ன பிளாஸ்டிக் பார்ட் இருக்கும், புதுசுல பல கிட் அது இல்லாம கெட்டி பிளாஸ்டிக்கோட உரசல்லயே பிடிச்சு நிக்குது. என்கிட்ட ரெண்டுமே காலப்போக்குல தளர்ந்திருக்கு. பந்து மூட்டு லூசானா அந்த பந்து மேல சூப்பர் க்ளூவ ரொம்ப மெல்லிசா தடவி, முழுசா காய விட்டு, அப்புறம் மாட்டுங்க. ஈரமா மாட்டினா அது நிரந்தர போஸ். ஒரு ராத்திரி அப்படியே வெச்சுருங்க, அவசரமே வேணாம்.

நான் கவனிச்ச வரைக்கும் முதல்ல விழறது தோள்பட்டைதான், காரணம் நீளமான துப்பாக்கிய மாசக்கணக்கா நீட்டிப் பிடிக்க வெக்கறது. வெயில் நேரா படற ஷெல்ஃப்ல வெச்ச வெள்ளை கிட் ஒண்ணு மஞ்சளாவும் ஆயிருச்சு, அதுக்கு நான் பண்ணது இடத்த மாத்தினது மட்டுந்தான். இப்ப பெரிய ஆயுதம் எல்லாம் தனி டப்பாவுல இருக்கு, ஃபோட்டோ எடுக்கறப்ப மட்டும் கையில குடுக்கறேன்.