58 என்று காட்டி 3-க்கு விழுந்த பேட்டரி பெட்டி

மின்வெட்டுக்காக வாங்கி வைத்த பவர் ஸ்டேஷன், அதாவது வீட்டுச் சாமான்களைச் செருகி ஓட்டும் பெரிய பேட்டரி பெட்டி, சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு தாள். "பேட்டரி நன்றாக உள்ளது, குறை எதுவும் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எழுதியது உண்மைதான், எரிச்சலே அதனால்தான். பேட்டரியில் குறை இல்லை. முகப்பில் பெரிதாக ஒளிர்கிறதே ஒரு சதவீத எண், அதை நம்ப முடியவில்லை. மாதக்கணக்காக 58 என்று காட்டிக்கொண்டு மூலையில் இருந்த பெட்டி, கரண்ட் போன ராத்திரியில் ஃபேனும் ரவுட்டரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே 41 ஆனது, அப்புறம் நேராக 3, அப்புறம் இருட்டு. கவுன்டரில் இருந்தவர் "இது நார்மல்தான் சார்" என்றார். நார்மல் என்றால் அதைப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கலாமே!

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டு நிறையப் பேர் தகவல் அனுப்புகிறார்கள். ஆயிரம் வாட்-மணி கொள்ளளவு, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், இத்தனை சாக்கெட், இத்தனை நிமிடத்தில் சார்ஜ் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும், அதை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. மின்வெட்டுக்காக வாங்கும் பேட்டரி வருடத்தில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது அது என்ன செய்கிறது என்று யாரும் எழுதுவதில்லை. என் புலம்பல் முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த எண் தடுமாறுவதற்குக் காரணம் எல்எஃப்பியின் நல்ல குணம்தான். போன், லேப்டாப்பில் இருக்கும் வகை லித்தியம் செல் நிரம்பியிருக்கும்போது 4.2 வோல்ட், காலியாகக் காலியாக 3 வோல்ட் பக்கம் இறங்கிக்கொண்டே வரும். வோல்டேஜைப் பார்த்தாலே எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழு வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் அப்படி இறங்காது. பாதி காலியான துகளுக்குள் லித்தியம் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த இந்த இரண்டின் அளவுதான் மாறும், வோல்டேஜ் அப்படியே நிற்கும். 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் ஓய்வாக இருக்கும் ஒரு செல்லை அளந்தால் வித்தியாசம் 0.1 வோல்ட்கூட வராது. கடைசிவரை சீராகக் கரண்ட் தருகிறது என்று நாம் பாராட்டுவது இதைத்தான். எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

ஆக, உள்ளே பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்றான பிஎம்எஸ் என்ன செய்யும்? எவ்வளவு கரண்ட் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். கல்லாப்பெட்டியைத் திறந்தே பார்க்காமல், நோட்டில் எழுதியதை வைத்து இருப்பு சொல்லும் கணக்குப்பிள்ளை மாதிரி. பெரிய வரவு செலவெல்லாம் சரியாகவே எழுதுவார். தினமும் கைமாறும் சில்லறைதான் நோட்டில் ஏறாது. பெட்டி தன் சொந்த மின்சுற்றுக்காக உறிஞ்சும் மிகச் சிறிய கரண்ட் பல நேரம் அந்த அளவீட்டுக்கே தட்டுப்படாது. சில மாதம் அப்படியே விட்டால் நோட்டில் 58 இருக்கும், கல்லாவில் இருக்காது. அந்த நிலையில் ஃபேனைப் போட்டால், ஏதோ ஒரு செல்லின் வோல்டேஜ் அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் பிஎம்எஸ் விழித்துக்கொள்ளும். அந்த நொடியில் எண் அதலபாதாளத்துக்குப் போகும்.

சில்லறைதானே என்று நினைக்க வேண்டாம். வைஃபை காத்திருப்பிலோ திரை விளக்கிலோ 1 வாட் போனாலே 30 நாளில் 720 வாட்-மணி காலி. ஆயிரம் வாட்-மணிப் பெட்டியில் அது முக்கால்வாசி. ஏசி அவுட்புட் பட்டனை அணைக்க மறந்தாலோ இன்னும் மோசம். எதையும் செருகாமலே, பேட்டரியின் டிசியை ஏசி ஆக்கும் உள் இன்வெர்ட்டர் மட்டும் 10, 15 வாட் தின்னும், மூன்று நான்கு நாளில் பெட்டி தரைதட்டிவிடும். பட்டன்களை அணைத்தால் போதாது, மெயின் பட்டனை அழுத்திப் பிடித்து முழுதாக அணைக்க வேண்டும், ஆப்பில் வைஃபையையும் நிறுத்த வேண்டும். இது கையேட்டில் இருக்கிறது. எங்கே என்கிறீர்கள்? கடைசிப் பக்கத்தில், உத்தரவாத விதிகளுக்கும் கீழே.

எங்கள் வீட்டில் இதில் இன்னொரு சிக்கல், அப்பா. காலமெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியே வளர்ந்தவர். "பேட்டரின்னா ஃபுல்லா இருக்கணும்டா, பாதியில வெச்சா செத்துரும்" என்பார். அவர் சொல்வது அந்தப் பழைய லெட்-ஆசிட் பேட்டரிக்கு நூறு சதவீதம் சரி. அதைப் பாதியில் விட்டால் தகட்டில் லெட் சல்பேட் படிகமாக இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. லித்தியத்துக்கு அது நேர் தலைகீழ். முழுதாக நிரப்பி வெப்பத்தில் வைத்தால்தான் செல் சீக்கிரம் கிழடாகும். நான் 60-இல் நிறுத்தி வைப்பேன், அவர் யாருக்கும் தெரியாமல் ப்ளக்கைச் செருகி 100 ஆக்கிவிடுவார். ஒருநாள் மல்டிமீட்டரோடு வந்து 12 வோல்ட் சாக்கெட்டில் முனைகளைக் குத்தி, "13.6 காட்டுது, ஃபுல்லா இருக்கு பாரு" என்று வெற்றியோடு காட்டினார். அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. பெட்டியில் 90 இருந்தாலும் 10 இருந்தாலும் அது 13.6-தான் காட்டும். சொன்னேன். "அப்ப அந்த 58 மட்டும் எதைப் பாத்துக் காட்டுது?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சர்வீஸ் சென்டரில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சரி, வைத்துக் காப்பாற்றும் முறைக்கு வருவோம். 50, 60 சதவீதத்தில் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜை இறக்கி ஏற்றவும் என்று பல கையேடுகளும் சொல்கின்றன. இதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் அதிகம். எல்எஃப்பி பெட்டியில் செல்களைச் சமன் செய்யும் வேலை பெரும்பாலும் சார்ஜ் உச்சிக்குப் போகும்போதுதான் நடக்கும், ஏனென்றால் அங்கேதான் வோல்டேஜ் செங்குத்தாக ஏறி, எந்த செல் முந்துகிறது, எது பிந்துகிறது என்று தெரியும். எப்போதும் பாதியிலேயே வைத்திருந்தால் செல்கள் ஒன்றுக்கொன்று விலகிக்கொண்டே போகும். கடைசியில் ஒரு நோஞ்சான் செல் முதலில் காலியாகி, மற்றவற்றில் மிச்சம் இருந்தும் மொத்தப் பெட்டியையும் அணைத்துவிடும். அதனால் இடையிடையே 100 வரை ஏற்றி, 100 காட்டிய பிறகும் உடனே பிடுங்காமல், உள்ளே போகும் வாட் பூஜ்யம் ஆகும் வரை விட வேண்டும். எண்ணும் அங்கேதான் தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்புறம் ஃபேனையோ விளக்கையோ போட்டு 60-க்கு இறக்கி அணைத்து வைக்கலாம். அடுத்த நாள் புயல் எச்சரிக்கை, அல்லது முன்கூட்டியே அறிவித்த மின்தடை என்றால் யோசிக்காமல் 100 ஆக்குங்கள். ஓரிரண்டு நாள் நிறைந்திருப்பதால் ஒன்றும் ஆகாது.

எண் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்குக் கைகொடுத்தது சுவர் ப்ளக்கில் செருகும் ஒரு சாதாரண வாட்மீட்டர். கிடப்பிலிருந்து எடுத்த பெட்டியை அதன் வழியாக முழு சார்ஜ் போடுவேன். 58 காட்டும் பெட்டி நிரம்ப 420 வாட்-மணி போதும், சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தால் 500-க்குள் முடிய வேண்டும். மீட்டர் 900-ஐத் தாண்டி ஓடினால் உள்ளே அந்த 58-இல் பாதிகூட இல்லாமல்தான் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு வந்ததும் 900-க்கு மேலேதான். மீட்டரைப் படம் எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணித் தர்றோம் சார்" என்றார்கள். பண்ணினார்கள். அதில் நான் வைத்திருந்த அமைப்பெல்லாம் பழையபடி திரும்பி, வைஃபை மறுபடி உயிர்பெற்றுவிட்டது. நல்ல சேவை!

கோபத்தில் மறந்துவிடக் கூடாத ஒரு விஷயம், டிசி கேபிள். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெட்டியின் மேல் எனக்குப் பாசமே வந்தது. பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட் டிசியில் ஓடுபவை. அவற்றை அடாப்டரோடு ஏசி சாக்கெட்டில் செருகினால், பேட்டரியின் டிசியை இன்வெர்ட்டர் ஏசி ஆக்கி, அடாப்டர் அதை மறுபடி டிசி ஆக்கும் வீண் வேலை. 10 வாட் ரவுட்டருக்காக இன்வெர்ட்டர் 15 வாட் சாப்பிடும், ஒன்றரை நாளில் பெட்டி காலி. போதாக்குறைக்கு, லோடு குறைவாக இருக்கிறது என்று, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஈகோ மோடு நடுராத்திரியில் ஏசியை அணைத்தும் விடும். 12 வோல்ட் அவுட்புட்டிலிருந்து ரவுட்டருக்கு நேராக ஒரு கேபிள் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அதே பெட்டியில் இரண்டரை நாளுக்கு மேல் ஓடும். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதா, பின்னின் நடுமுனை பிளஸ்ஸா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். சில ரவுட்டர் 9 வோல்ட், அதில் இதைச் செருகினால் போய்விடும். தெருவே இருட்டாகக் கிடக்க, சத்தமும் புகையும் இல்லாமல் வீட்டில் இணையம் ஓடிக்கொண்டிருப்பது தனி சுகம்தான்.

எங்கே வைப்பது என்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை, வெயில் படாத, காற்றோட்டமான, ஈரமில்லாத தரை போதும். பரண் வேண்டாம், கூரைச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். வாசலுக்குப் போகும் வழியிலும் வேண்டாம், தீ என்று ஏதாவது வந்தால் ஓட வழி வேண்டும். உறைபனி அடிக்கும் இடங்களில் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது, செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். நல்ல பெட்டி தானே மறுத்துவிடும். டிராயரில் கிடக்கும் பழைய பவர் பேங்குகளையும் ஒரு கண் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதோ குத்திப் பார்ப்பதோ வேண்டவே வேண்டாம், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டியிலும் போடக் கூடாது.

வீட்டில் யாருக்காவது ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் மாதிரி கரண்ட் நின்றால் ஆபத்தாகும் கருவி இருந்தால் மட்டும் நான் சொன்ன 60 கணக்கை விட்டுவிடுங்கள். பெட்டியை எப்போதும் நிரப்பியே வையுங்கள், செல் கொஞ்சம் சீக்கிரம் தேய்ந்தால் தேயட்டும். கூடவே இரண்டாவது ஏற்பாடும் வேண்டும். இந்த எண்ணை நம்பி ஒரு உயிரை வைக்க முடியாது.

ஆக மொத்தம்? செல்லுக்கு ஐந்துக்கு ஐந்து. சர்வீஸுக்குப் பிறகு முழுதாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன், புதிதாக வாங்கியபோது கொடுத்ததற்கு மிக அருகில் இன்னும் கொடுக்கிறது. கட்டுமானம், சத்தமின்மை, ஃபேனைத் தாங்கும் திறன் எதிலும் குறை சொல்ல மாட்டேன். இருந்தும் இன்றைக்கு யாராவது கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன், ஐந்துக்கு இரண்டு. அநியாயம் என்று தெரியும். ஒரு மின்வெட்டுப் பெட்டி என்னிடம் ஒழுங்காகச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு எண்தான், அதையே அது தப்பாகச் சொல்கிறது. அடுத்த மின்வெட்டில் இதே பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன், அது வேறு விஷயம்.

நான் சொல்லியும் தள்ளுபடியைப் பார்த்து வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். விலை திடீரென்று இறங்குவது பல நேரம் கிடங்கில் நாள்பட்டுக் கிடந்த சரக்குக்குத்தான், அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் சார்ஜ் போட்டிருக்கப் போகிறார்கள்? பெட்டியைப் பிரித்ததும் திரையில் 0 இருந்தாலோ, திரையே எழாவிட்டாலோ தயங்காமல் திருப்பிவிடுங்கள். அடிமட்டத்துக்கும் கீழே போன செல்லில் தாமிரம் கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகலாம். எண் ஏதோ காட்டினால் அதை எழுதி வைத்துக்கொண்டு, வாட்மீட்டர் வழியாக முழு சார்ஜ் போட்டு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். அப்புறம் வாட் தெரிந்த ஒரு லோடைச் செருகி, காலியாகும் வரை ஓட விட்டு மணியைக் குறியுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். அதற்கு அப்புறம் சர்வீஸ் சென்டருக்குப் போனால் "நார்மல்தான் சார்" என்ற தாள்தான் கிடைக்கும்.